பழைய சுவிஸ் இராணுவத் துவக்குகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் தன் பழைய இராணுவத் துவக்கை விற்க விரும்புகிறார். பிடியை நேராகப் பின்னால் இழுத்தால் போல்ட் (சுடுகுழலின் பின்புறத்தை மூடும் உருக்குத் தண்டு) திறக்கிறது. "ஷ்மிட்-ரூபின்" என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். இது எந்த மொடல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், பேர்ண்)

பதில்: ஷ்மிட்-ரூபின் என்பது ஒரு துவக்கின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். பொறிமுறையை அமைத்தவர் ருடோல்ஃப் ஷ்மிட், ரவையை உருவாக்கியவர் எட்வார்ட் ரூபின். 1889இல் தொடங்கிய இந்த வரிசையில் மொடலைச் சரியாகப் பிரித்தறிவது விலைக்காக மட்டுமல்ல. எந்த ரவையைப் போடலாம், எதைப் போட்டால் ஆபத்து என்பதும் அதில்தான் இருக்கிறது.

முதலில் அளவுநாடாவை எடுங்கள். முழு நீளம் 1300 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் அது நீளத் துவக்கு: 1889, 1889/96, 96/11, 1911 ஆகிய நான்கில் ஒன்று. 1105 மில்லிமீற்றர் என்றால் பெரும்பாலும் கே 11 அல்லது கே 31, அதாவது 1911, 1931 மொடல் குட்டைத் துவக்குகள்.

நீளத் துவக்கென்றால் அடுத்ததாகக் கைப்பிடிக் கழுத்தையும் ரவைக்கூட்டையும் பாருங்கள். கழுத்து நேராக இருந்து, 12 ரவை கொள்ளும் ஆழமான ரவைக்கூடு கீழே துருத்திக்கொண்டிருந்தால் அது மாற்றப்படாத 1889 அல்லது 1889/96. ரவைக்கூடு 6 ரவைக்குரியதாகி, நேரான கழுத்தில் தனி மரத்துண்டு ஒட்டி வளைந்த பிடி செய்திருந்தால் அது 96/11. ஒட்டுக்கோட்டை விரல் நகத்தாலேயே உணரலாம். அதே வளைந்த பிடி ஒரே மரத்தில் செதுக்கப்பட்டிருந்தால் 1911.

குட்டைத் துவக்குகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் கே 11, கே 31 இரண்டுக்கும் ஒரே நீளம். ஆனால் கே 11இன் சுடுகுழல் 592 மில்லிமீற்றர், கே 31இனது 652. இந்த 60 மில்லிமீற்றர் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் இனி எப்போதும் குழப்பம் வராது. பழைய பொறிமுறையில் போல்டைப் பூட்டும் பற்கள் ரவைக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்தன. 1889இல் போல்டைச் சுற்றியுள்ள நீண்ட பூட்டு உறையின் பின்முனையில். 1896 திருத்தத்தில் அந்த உறையின் முன்முனைக்கு வந்தன. கே 31இலோ அவை ரவையின் அடிக்கு நேர் பின்னாலேயே வந்துவிட்டன. அதனால் பொறிப்பெட்டி (போல்ட் ஓடும் உருக்குப் பெட்டி) குறுகியது, மிச்சமான இடம் சுடுகுழலுக்குப் போனது. விசைக்கும் சுடுகுழல் தொடங்கும் இடத்துக்கும் இடையே உருக்குப் பெட்டி நீண்டு கிடந்தால் கே 11. கச்சிதமாக இருந்தால் கே 31.

ஒரு விதிவிலக்கு. 1900ஆம் ஆண்டின் குட்டைத் துவக்கும் 1905ஆம் ஆண்டின் குதிரைப்படைக் கார்பைனும் தொடக்கத்திலேயே 6 ரவைக்கூட்டுடன் வந்தவை. அவற்றில் பெரும்பாலானவை பின்னர் 1911 ரவைக்கு மாற்றப்பட்டன. மாற்றப்படாதவையும் அபூர்வமாகக் கைக்கு வரும். ஆகவே 6 ரவைக்கூடு மட்டும் சான்றாகாது. சந்தேகம் இருந்தால் துவக்குத் தொழிலாளி ஒருவரிடம் கொடுத்துத் தோட்டா அறையையும் (குழலில் ரவை அமரும் இடம்) சுடுகுழலின் உள்விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 1889 துவக்கில் 1911ஆம் ஆண்டு ரவையான ஜிபி 11 அழகாக உள்ளே போகிறது. சுடலாமா? (வாசகர், துர்காவ்)

பதில்: சுடக்கூடாது. உள்ளே போவது பொருந்துவது ஆகாது. 1889க்குரியது 1890 ரவை, அதாவது ஜிபி 90; அதன் கோது (பித்தளை உறை) 53.5 மில்லிமீற்றர். ஜிபி 11இன் கோது 55ஐத் தாண்டும். சன்னத்தின் (ரவையிலிருந்து பறந்துபோகும் முனைத்துண்டு) விட்டமும் ஒன்றல்ல: பழையது 8 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும், புதியது 7.8 அளவு. இவை எல்லாவற்றையும்விட முக்கியம் அழுத்தம். ஜிபி 11 கணிசமாக அதிக அழுத்தத்தில் வேலை செய்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டிய பூட்டுப் பற்கள் 1889இல் உங்கள் முகத்துக்கு அருகே, நீண்ட உறையின் கடைசியில் இருக்கின்றன. வெடிப்பின் அழுத்தம் ஒவ்வொரு முறையும் அந்த உறையை நெடுக அழுத்தி இழுக்கும். சுவிஸ் இராணுவமே 1911இல் புதிய ரவையைக் கொண்டுவந்தபோது 1889ஐ மாற்றியமைக்காமல் விட்டுவிட்டு, 1889/96ஐ மட்டும் புதிய சுடுகுழல் போட்டு 96/11 ஆக்கியது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கேள்வி: லுசேர்னில் ஆண்டுதோறும் நடக்கும் சேகரிப்பாளர் சந்தைக்குப் போகிறேன். மேசை முழுக்க கே 31 இருக்கும் என்கிறார்கள். நல்லதை எப்படித் தெரிவது? (வாசகர், ஆராவ்)

பதில்: 1933 முதல் 1958 வரை 528,000க்கும் அதிகமான கே 31கள் செய்யப்பட்டன. ஆகவே அவசரப்படத் தேவையில்லை. ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்த மேசை இருக்கிறது. உரிமையாளரின் அனுமதி கேட்டு, துவக்கு வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பின் தொடங்குங்கள்.

முதலில் இலக்கங்கள். பொறிப்பெட்டி, சுடுகுழல், போல்ட் மூன்றிலும் ஒரே தொடர் இலக்கம் இருக்க வேண்டும். ரவைக்கூட்டிலும் பாருங்கள். சுவிஸில் இவை ஒரே படைவீரரிடம் ஆண்டுக்கணக்கில் இருந்து, இராணுவக் களஞ்சியத்தில் முறையாகப் பராமரிக்கப்பட்டவை. அதனால் இலக்கம் பொருந்துவதுதான் இங்கு வழமை. போல்ட் இலக்கம் மாறியிருந்தால் யாரோ பின்னர் மாற்றியிருக்கிறார்கள். அப்படியானதை வாங்குவதென்றால் தோட்டா அறை இடைவெளியை (மூடிய போல்டுக்கும் ரவையின் அடிக்கும் இடையிலான இடம்) அதற்கென்றுள்ள அளவுமானியால் சோதிக்காமல் சுட வேண்டாம். ரவைக்கூடு மட்டும் மாறியிருந்தால் பாதுகாப்புக்குக் கேடில்லை, விலையைக் குறைத்துப் பேசலாம். சுடுகுழலிலோ பெட்டியிலோ "பி" (P) என்ற எழுத்து அடித்திருந்தால் பயப்பட வேண்டாம். சேவை முடிந்தபின் அது படைவீரரின் சொந்த உடைமையானது என்பதற்கான அடையாளம் அது.

அடுத்தது சுடுகுழல். போல்டை முழுதாகப் பின்னால் இழுத்து, போல்ட் நிறுத்தியை அழுத்தி வெளியே எடுங்கள். பின்புறத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். புரிகளின் (குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் வரிகள்) விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். எங்காவது ஒரு இருண்ட வளையம் முழுச் சுற்றாகத் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது: உள்ளே எதோ அடைத்திருந்தபோது சுட்டிருக்கிறார்கள். அப்படியே வைத்துவிட்டு நகருங்கள். மெல்லிய கருமை வேறு விடயம், பலமுறை அது பழைய கிரீஸ்தான். துணி போட்டுத் துடைத்தபின் திரும்பப் பாருங்கள்.

குழல் வாயைத் தனியாகப் பார்க்க வேண்டும். துப்புரவுக் கோலை முன்பக்கத்தால் விட்டு அழுக்கெடுத்துப் பழகியவர்களின் துவக்கில் புரிகள் வாயருகே தேய்ந்து வட்டம் நீள்வட்டமாகும். மருந்தும் பிரைமரும் (அடியில் உள்ள வெடிமூட்டி) இல்லாத போலி ரவை ஒன்றைக் கொண்டுபோய், சன்னத்தை வாயில் விட்டுப் பாருங்கள். கோதின் விளிம்பு வரைக்கும் உள்ளே போய்விட்டால் வாய் தேய்ந்துவிட்டது. சன்னத்தின் ஒரு பகுதி வெளியே தெரிய வேண்டும்; எவ்வளவு அதிகம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. உயிர் ரவையால் இதைச் செய்து காட்டுபவரின் மேசையை விட்டு விலகுங்கள்.

விசை இரண்டு கட்டமாக இயங்கும். முதல் கட்டம் நீளமாக, இலேசாக வரும். பிறகு ஒரு தடை, அதைத் தாண்டினால் சட்டென விழும். முதல் கட்டமே இல்லாமல் உடனே விழுந்தால் யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு வளையத்தையும் சோதியுங்கள். வெறுமையான துவக்கில் வளையத்தைப் பின்னால் இழுத்து வலப்பக்கம் திருப்பி, விசையை அழுத்தி விடுங்கள். பிறகு வளையத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்போது ஊசி விழக்கூடாது.

முன்குறியைத் தாங்கும் இரு காதுகளில் சுத்தியல் தழும்பு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். முன்குறியைப் பக்கவாட்டில் நகர்த்த அதற்கென்று திருகுக் கருவி உண்டு. அது இல்லாமல் அடித்து நகர்த்தியவர் உள்ளே வேறு என்னென்ன செய்திருப்பார் என்பதற்கு அந்தத் தழும்பே சாட்சி. மரத்தை இறுக்கும் திருகாணிகளின் பள்ளங்கள் சிதைந்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

பிடங்கின் கீழ்ப்பகுதி அடிபட்டுக் கறுத்திருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். ஈரத்திலும் பனியிலும் நிலத்தில் ஊன்றி வைத்ததால், ஆணி அடித்த சப்பாத்துகள் பட்டதால் வந்தது அது. சுடுவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் கைப்பிடிக் கழுத்தில் வெடிப்பு இருந்தால் அது வேறு கதை, அதிர்வு அங்கேதான் பாயும். 1946 வாக்கில் வால்நட் மரத்திலிருந்து பீச் மரத்துக்கு மாறினார்கள். பீச் மரம் பார்வைக்கு வெளிறியது, அடி வாங்கியதும் கூடுதலாகத் தெரியும். வால்நட்டுக்குச் சந்தையில் விலை அதிகம். குறிபார்த்துச் சுடத்தான் வாங்குகிறீர்கள் என்றால், நல்ல குழலுள்ள பீச் மரத் துவக்கை எடுங்கள்.

கேள்வி: பிடங்குத் தகட்டுக்கு அடியில் கடிதம் இருக்கும் என்கிறார்களே? (வாசகர், சென்ட் காலன்)

பதில்: கடிதம் அல்ல, சிறிய சீட்டு. பல கே 31களில் படைவீரர் தன் பெயர், பிரிவு, ஊர் எழுதிய தாளை அங்கே வைத்திருப்பார். தகட்டின் இரண்டு திருகாணிகளையும் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் மட்டும் கழற்றுங்கள். சீட்டு மரத்தோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு அப்படியே மூடிவிடுங்கள். எழுதியவரோ அவர் பிள்ளைகளோ இன்னும் அதே ஊரில் இருக்கலாம். ஆகவே முகவரி தெரியும்படி படத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். சீட்டு இல்லாவிட்டால் துவக்கு போலி என்று அர்த்தமில்லை.

கேள்வி: ரவை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? "7.5 சுவிஸ்" என்று எழுதியிருந்தால் போதுமா? (வாசகர், சூரிச்)

பதில்: போதாது. 7.5 என்ற இலக்கத்தின் கீழ் ஒன்றோடொன்று மாற்ற முடியாத குறைந்தது நான்கு ரவைகள் விற்பனைக்கு வருகின்றன: 1882 சுவிஸ் ரிவோல்வருக்கான குட்டை ரவை, ஜிபி 90, ஜிபி 11, பிறகு பிரெஞ்சு இராணுவத்தின் 7.5x54. விற்பவர் தெரியாமலே கலந்து வைத்திருப்பார். உங்களுக்குத் தேவை 7.5x55 என்று தெளிவாக எழுதியது.

இராணுவ ஜிபி 11 என்றால் 10 ரவைப் பெட்டி, அவற்றில் ஆறு சேர்ந்த 60 ரவைப் பொதி, அதில் எட்டு சேர்ந்த 480 ரவைப் பேழை என்று கட்டியிருக்கும். கோதின் அடியில் "டி" (T) இருந்தால் தூன் தொழிற்சாலை, "ஏ" (A) இருந்தால் அல்ட்டோர்ஃப். ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் அதே அடியில் உண்டு. சன்னம் 11.3 கிராம், பின்முனை குறுகலானது. 300 மீற்றரில் இன்றும் மதிப்பைத் தக்கவைத்திருக்கிற ரவை இது. கோதின் வாயில் சன்னத்தைச் சுற்றி மெழுகு வளையம் தெரிந்தால் அழுக்கென்று நினைத்துச் சுரண்ட வேண்டாம். ஈரம் உள்ளே போகாமல் தொழிற்சாலையில் வைத்தது.

பேழை வாங்குகிறீர்களா? ஒரு பெட்டியையாவது திறந்து பாருங்கள். கோதின் கழுத்தில் மயிரிழை வெடிப்பு, பச்சைப் பூஞ்சணம் போன்ற பித்தளைக் களிம்பு, கையால் அழுத்தினால் உள்ளே போகும் சன்னம் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அந்தத் தொகுதி வேண்டாம். சன்னம் உள்ளே தள்ளப்பட்ட ரவையைச் சுட்டால் அழுத்தம் எகிறும்.

சுட்ட கோதை மீள நிரப்ப எண்ணுபவர்களுக்கு: ஜிபி 11 கோதில் பேர்டான் வகைப் பிரைமர். அதன் அடியில் நடுவே ஒரு துளைக்குப் பதிலாகப் பக்கவாட்டில் இரண்டு துளைகள் இருக்கும். சாதாரணக் கருவியின் ஊசியை விட்டால் ஊசிதான் முறியும். மீள நிரப்ப, நடுவே ஒரே துளையுள்ள பொக்ஸர் வகைப் புதிய வணிகக் கோதுகள் வாங்குவதே சுலபம். நோர்மா, ப்ர்வி பார்ட்டிசான் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன.

இதில் வரும் சிக்கல் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். கே 31இன் சுடுகுழலில் புரிகள் தோட்டா அறைக்கு மிக அருகிலேயே தொடங்கும்; ஜிபி 11 சன்னத்தின் மெலிந்த வடிவத்தை மனதில் வைத்து வெட்டியது அது. தோள் பருத்த வேட்டைச் சன்னத்தை வழமையான நீளத்தில் பொருத்தினால் போல்டை மூடும்போதே சன்னம் புரிகளில் குத்தி நிற்கும். பலவந்தமாக மூடிச் சுட்டால் அழுத்தம் கூடும். மூடாமல் திரும்ப இழுத்தால் சன்னம் குழலிலேயே மாட்டிக்கொண்டு மருந்து முழுக்கப் பொறிக்குள் கொட்டும். ஆகவே ஒவ்வொரு சன்ன வகைக்கும் மருந்தில்லாத போலி ரவை செய்து, போல்ட் தடையின்றி மூடும்வரை சன்னத்தைச் சிறிது சிறிதாக உள்ளே இறக்கி, அந்த நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: நேராக இழுக்கும் போல்ட், சுழற்றும் போல்டைப் போல இறுகிய கோதை நெம்பி எடுக்காது. தோட்டா அறையில் பழைய கிரீஸோ துருவோ இருந்தால் கோது உள்ளேயே பிடித்துக்கொள்ளும். "ரவை கெட்டது" என்று குறை சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் அழுக்கான அறைதான் காரணம். குழலைத் துடைத்துவிட்டு அறையை மறப்பதுதான் நடப்பது. அறைக்குத் தனித் தூரிகை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு சி அனுமதி (நிரந்தர வதிவிட அனுமதி) இருக்கிறது, கடவுச்சீட்டு இலங்கையினுடையது. கே 31 வாங்க ஒப்பந்தம் எழுதினால் போதும் என்று நண்பர் சொல்கிறார். சரியா? (வாசகர், பாசல்)

பதில்: உங்கள் விடயத்தில் சரியல்ல. இதைத் தெரியாமல் கையொப்பமிட்டால் வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் சிக்கல்.

கே 31 போன்ற கையால் இயக்கும் இராணுவத் துவக்கை 18 வயது நிரம்பிய சுவிஸ் பிரசை ஒருவர் கொள்வனவு அனுமதிப்பத்திரம் இல்லாமல் எழுத்து ஒப்பந்தத்தால் வாங்கலாம் என்பது உண்மை. அதில் இருவரின் பெயர், பிறந்த திகதி, முகவரி, கையொப்பம், வாங்குபவரின் அடையாள ஆவண விபரம், துவக்கின் வகை, தயாரிப்பாளர், விட்டம், தொடர் இலக்கம், இடம், திகதி எல்லாம் இருக்க வேண்டும். இருவரும் 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பிரதி ஒன்றை 30 நாளுக்குள் கன்டோனின் (மாநிலத்தின்) பதிவு அலுவலகத்துக்கு விற்பவர் அனுப்ப வேண்டும். சி அனுமதி இல்லாத வெளிநாட்டவருக்கு ஒப்பந்தம் போதாது, அனுமதிப்பத்திரம் வேண்டும்.

ஆனால் சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதி சில நாட்டுப் பிரசைகளுக்கு ஆயுதமும் ரவையும் வாங்குவதை, வைத்திருப்பதை, சுடுவதைக்கூடத் தடைசெய்கிறது. அந்தப் பட்டியலில் சேர்பியா, கொசோவோ, துருக்கி, அல்பேனியா போன்றவற்றோடு இலங்கையும் இருக்கிறது. சி அனுமதி அந்தத் தடையை நீக்காது. குறிசூட்டு விளையாட்டு வீரர்களுக்கு, வேட்டைக்காரர்களுக்கு என்று கன்டோன் விதிவிலக்கு அனுமதி கொடுக்க முடியும். கழகத்தில் ஒரு நாள் சுட்டுப் பார்ப்பதென்றாலும் முதலில் கன்டோன் பொலிஸின் ஆயுத அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். சுவிஸ் பிரசாவுரிமை பெற்ற பின் மற்றவர்களுக்குரிய விதிதான் உங்களுக்கும்.

வாங்கியவர்கள் கொண்டுசெல்லும்போது துவக்கும் ரவையும் வேறுவேறாக இருக்க வேண்டும். ரவைக்கூட்டில் ரவை இருக்கக்கூடாது.

கேள்வி: ரொறன்ரோவில் வெட்டர்லி துவக்கு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. சுடக்கூடியதா? உரிமம் வேண்டுமா? (வாசகர், கனடா)

பதில்: 1869இன் வெட்டர்லி, குழலுக்கு அடியில் நீண்ட குழாய் வடிவ ரவைக்கூடு உள்ள அழகான பொறி. அதன் 10.4x38 ரவை விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை. தொழிற்சாலைகள் அதைச் செய்வதை நிறுத்திப் பல காலம். பழைய பெட்டி கிடைத்தால் அது சேகரிப்புப் பொருளே தவிர சுடுபொருள் அல்ல. இத்தாலிய வெட்டர்லியின் 10.4 ரவையின் கோது 47 மில்லிமீற்றர் நீளம், இதில் போகாது.

கனடாவில் 1898க்கு முன் செய்யப்பட்ட, விளிம்பு வெடிப்பு ரவை மட்டும் சுடும் நீளத் துவக்கு (.22 தவிர) தொல்பொருளாகக் கணிக்கப்படுகிறது, உரிமம் தேவையில்லை. சிலர் போல்டை மாற்றி நடு வெடிப்பு ரவைக்கு ஆக்கியிருப்பார்கள். மாற்றிய துவக்கு அந்தச் சலுகையை இழக்கக்கூடும். ஆகவே போல்டின் முகத்தைப் பாருங்கள்: ஊசி இரண்டு கவராக விளிம்பைத் தொட்டால் மூல நிலை, நடுவில் ஒரு துளை இருந்தால் மாற்றியது. மாற்றியதென்றால் வாங்குமுன் மத்திய பொலிஸிடம் கேளுங்கள். 1889 ஷ்மிட்-ரூபினுக்கு இந்தச் சலுகை பொருந்தாது: அது நடு வெடிப்பு, விட்டமும் 8.3 மில்லிமீற்றருக்குக் குறைவு. அதற்கும் கே 31க்கும் துவக்கு உரிமம் வேண்டும்.

கேள்வி: தொலைநோக்கி பொருத்திய கே 31 "அசல் குறிசூட்டுத் துவக்கு" என்று பெரிய விலை சொல்கிறார்கள். (வாசகர், வின்ரர்தூர்)

பதில்: அசல் குறிசூட்டு வகைகள் மூன்று: 31/42, 31/43, 1955இன் ஸெட்எஃப்கே 55. முதல் இரண்டிலும் ஆராவின் கேர்ன் நிறுவனச் சிறு தொலைநோக்கி பெட்டியின் இடப்பக்கத்திலேயே இணைந்திருக்கும். முதலாவதில் 1.8 மடங்கு, இரண்டாவதில் 2.8. கழற்றி இன்னொரு துவக்கில் மாட்டும் சாமான் அல்ல அது. 1955 வகையில் 3.5 மடங்குத் தொலைநோக்கி, முன்காலும் வாய்த்தடுப்பும் உண்டு, துவக்கே வேறு தோற்றம். சாதாரண கே 31இல் துளை போட்டுத் தாங்கி பொருத்தியிருந்தால் அது துளைபட்ட கே 31, அவ்வளவுதான். சாதாரணத்தை விடவும் குறைவாகக் கொடுங்கள். துல்லியமாகச் சுடத்தான் ஆசையென்றால், பின்குறியின் அடித்தளத்தைப் பிடித்து நிற்கும் டயொப்ரர் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் பின்குறி) ஒன்றை வாங்குங்கள். துவக்கில் துளை போடவே தேவையில்லை. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

கேள்வி: வாங்கிய கே 31இன் மரம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா? (வாசகி, பியல்)

பதில்: தேய்க்க வேண்டாம். மரத்தில் அடித்த முத்திரைகள் ஆழமற்றவை, ஒருமுறை தேய்த்தால் போய்விடும். அத்தோடு மரத்தின் விளிம்பு உருக்கின் விளிம்பை விடத் தாழ்ந்துவிடும். பிறகு எந்தச் சேகரிப்பாளரும் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார். அழுக்கை மென்துணியால், கனிமத் தைலம் சிறிதளவு தொட்டு எடுங்கள். அமுங்கிய தழும்பை உயர்த்த ஈரத்துணியை அதன்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியின் நுனியால் சில நொடி தொடுங்கள், ஆவி நார்களை எழுப்பும். கிழிந்த நார் எழாது, அதை விட்டுவிடுங்கள். இதைச் செய்யுமுன் உருக்குப் பாகங்களை மரத்திலிருந்து கழற்றிவிட வேண்டும், இல்லையேல் ஆவி உள்ளே போய்த் துருவாகும். ஒரு நாள் காயவிட்டு, ஆளிவிதை எண்ணெய் இரண்டு துளியை உள்ளங்கையில் எடுத்துச் சூடேறத் தேய்த்துப் பூசுங்கள். மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், ஒட்டும்படி விட்டால் தூசு பிடிக்கும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போட்ட பிறகு எறியுங்கள்.